தகட்டுக்கு வாய்த்த கை

கோபமாக இருக்கும்போது மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். கோபத்தில் பார்க்கிற கண்ணுக்கு இல்லாத கிருமி தெரியும், இருக்கிற கிருமி தப்பிவிடும். விருதுநகரில் வேலை பார்த்த காலத்தில், அதாவது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், இந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் நான் ஒரு சிலைடுகூடப் பார்த்திருக்க முடியாது. கோபப்படாமல் இருக்க உத்தியோகமும் விடவில்லை, ஊரும் விடவில்லை.

காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் பங்காளிகள். ஒரே குடும்பம், ஒரே மாதிரி மெழுகுத் தோல், அமிலத்தில் கழுவினாலும் ஏற்றிய சிவப்புச் சாயத்தை விடாத அதே பிடிவாதம். குணம்தான் வேறு. முட்டையைக் கடைந்து, பச்சைச் சாயம் கலந்து, குப்பியில் சாய்த்து வேகவைத்த பசையில் காசநோய்க் கிருமியை வைத்து, ஒன்றரை மாதம் போலப் பொறுமையாக இருந்தால் அது பொரிகடலைத் தூள் மாதிரி வளர்ந்து நிற்கும். தொழுநோய்க் கிருமி எந்தக் குப்பிக்கும் மசியாது. அதற்கு மனித உடம்பு வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைச் சுண்டெலியின் பாதம் வேண்டும். அதிலும் வளர்ந்ததா இல்லையா என்று தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் தூரத்து நகரம் ஒன்றில் இருந்தது. எலிகள் அங்கேதான். விருதுநகரில் இருந்தது அதன் சின்னக் கிளை. மிளகாய் வத்தல் கிட்டங்கியை ஒட்டிய மாடியில் இரண்டு அறை, நான், ஓர் உதவியாளர், அவ்வளவுதான். வத்தல் மூட்டை ஏறி இறங்குகிற நாளில் கிருமி இல்லாமலேயே நாங்கள் இருமுவோம். பசைக்கு நாட்டுக்கோழி முட்டைதான் வாங்குவேன். பண்ணைக் கோழித் தீவனத்தில் என்ன மருந்தெல்லாம் கலக்கிறார்களோ, அந்த முட்டையில் கிருமி சரியாக வளராது. வாராவாரம் கூடை நிறைய முட்டை வாங்குகிறேன் என்று சந்தையில் ஒரு பெண் எனக்கு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். ஒன்றும் இல்லை என்றதும் முட்டையைக் கூட்டி வைத்துக் கொடுத்தாள், பாவம்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை, தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்களிடம் சளி எடுத்துக் காசநோய் பார்ப்பது. சளியை எடுப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிடும். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்வேன். டப்பாவில் வருவது தெள்ளத்தெளிவான எச்சிலாக இருக்கும். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தார்கள். இருமல் என்று பெயர் வந்தால் வேனில் ஏற்ற மாட்டார்கள், சீசன் முடியும்வரை வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஒருத்தி தன் டப்பாவில் பக்கத்து வீட்டு நல்ல சளியை வாங்கிவந்து கொடுத்திருந்தாள். அதைக் கண்டுபிடித்த அன்று தலையிலடித்துக்கொண்டேன். ஆனால் அவள்மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. நெஞ்சு கரைந்தாலும் கூலி வர வேண்டும் என்று ஒரு மனுஷியை நினைக்கவைத்தவர்கள்மேல்தான் வந்தது, அவர்கள் என் எதிரில் வந்து நிற்கவே இல்லை.

நான் சொல்ல வந்த பெண்ணைப் பார்த்ததும் சளிக்காகப் போன ஓர் இடத்தில்தான். சிவகாசி போகிற வழியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். இந்தப் பக்கம் எல்லோரும் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மல்லாங்கிணற்றுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேன் வைத்துப் பெண்களைக் கூட்டிவருவார்கள். மானாவாரி நிலத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள். மழை கைவிட்டதும் வேன் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

குச்சி அடுக்கிய மரச்சட்டங்களை மெழுகில் முக்குவதற்கு முன்னால் விறகு அடுப்பில் காயும் இரும்புத் தகட்டின் மேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். அப்போதுதான் குச்சி மெழுகை உறிஞ்சும். அது ஆண்கள் வேலை. கையில் துணி சுற்றிக்கொண்டு, அதற்கும் மேல் வசவு ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் சட்டத்தை எடுப்பார்கள். அங்கே ஒரு பெண் நின்று வெறுங்கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. அவசரமே இல்லாமல், தோசைக்கல்லிலிருந்து ஆறின தோசையை எடுக்கிற மாதிரி எடுத்தாள்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளை பக்கத்தில் வந்தார். கூலிக் கணக்கு எழுதுகிறவர், வேலைக்கு ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். சொந்தப் பிள்ளையை மெச்சுகிற மாதிரி மெச்சினார்.

"தகட்டுக்குன்னே வாச்ச கை மேடம். தீபாவளி கழிச்சு இங்கன மாத்துனேன். ஆம்பளை ரெண்டு பேர் செய்யிற வேலை இது."

மற்றப் பெண்களைவிட அவளுக்குக் கூலியும் கூட என்றார். அவள் விரல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நுனியெல்லாம் கொப்புளம், உடைந்து நீர் வடிந்த கொப்புளம், கருகிக் காய்ந்த தோல். வலிக்கவில்லையா அக்கா என்றேன். அவளுக்கு என் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. போன தீபாவளி சீசனிலிருந்து கை மரத்துவிட்டது, வேலை செய்து செய்து கெட்டிப்பட்டுவிட்டது என்று பெருமையாகச் சொன்னாள். முன்கையில் வெளிறிய படை ஒன்று. முழங்கையின் பின்பக்க எலும்போரம் தடவினேன். அங்கே ஓடும் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. சுண்டு விரல் லேசாக மடங்கத் தொடங்கியிருந்தது.

ஆயிரம் கோபம் வந்தது எனக்கு. ஒரு மனுஷியின் கை செத்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் கூலி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

காது மடலில் சின்னதாகக் கீறிச் சுரண்டி எடுத்து வந்து, சிலைடில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் சுருட்டுக் கட்டு மாதிரி இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். என் கண்ணுக்கு அது சிவப்புத் தீக்குச்சிகளைக் கட்டுக் கட்டாக அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

நான் மருத்துவர் இல்லை. எத்தனையோ முறை சொல்லியும் அவள் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டாள். வியாதியின் பெயரை ஒளிக்காமல் சொன்னேன். பெருவியாதி என்று வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஆபீஸுக்குத் தெரியணுமா என்று மட்டும் கேட்டாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன். இப்போதே மாத்திரை தொடங்கினால் கிருமி சாகும், கூடவே நரம்பு வீக்கத்துக்கும் மருந்து சாப்பிட்டால் போன உணர்ச்சி திரும்பிவர வாய்ப்பிருக்கிறது, மரத்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் வராது என்று விளக்கினேன். தீபாவளியிலிருந்து கணக்குப் போட்டால் நாள் அதிகம் மிச்சமில்லை.

தலைமையகத்தில் எங்கள் இயக்குநருக்குப் போன் செய்தேன். சிலைடைப் பற்றிச் சொன்னதும் அவர் குரலில் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. நாட்டில் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று மேலே அறிவித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையை நிறுத்திவிட்டார்கள். பார்க்கவில்லை என்றால் வியாதி எங்கே தெரியும்? அதனால் மாத்திரையே தொடாத, கிருமி நிறைந்த ஒரு நோயாளி எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவள் தோலில் ஒரு துணுக்கு எடுத்து எலிப் பாதத்தில் ஏற்றினால், எந்த மருந்துக்கு இந்தப் பக்கத்துக் கிருமி அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அதற்காகத்தானே படித்தேன்.

நாளைக்கே துணுக்கை எடுத்து ஐஸில் வைத்து அனுப்புகிறேன் என்றேன். அங்கேதான் சிக்கல். எலி வீட்டில் ஏதோ நோய் வந்து எலிகளை எல்லாம் அழித்திருந்தார்கள். புது எலிகள் வந்து தயாராக மாதக்கணக்கு ஆகும். ஐஸில் வைத்தாலும் கிருமி சில நாள்தான் தாங்கும். மாத்திரை ஒரு வேளை உள்ளே போனாலே பெரும்பாலான கிருமி செத்துவிடும், பிறகு எலிக்கு ஏற்றிப் பிரயோஜனம் இல்லை. ஆகவே எலி வரும்வரை மாத்திரை தொடங்க வேண்டாம் என்றார். நான் நேரத்தைச் சொன்னேன், நரம்பைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இத்தனை நாள் அந்தம்மா அப்படியேதானே இருந்தாங்க. இன்னும் ரெண்டு மாசம் இருந்தா என்ன குறைஞ்சிடப்போகுது?"

"கை குறைஞ்சிடும் சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு, சொல்லாமல் விட்டதை எல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னேன். உதவியாளர் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார்.

எலி இல்லை என்று ஒரு மனுஷியைக் காக்க வைப்பதாம். எலிக்கு வியாதி வந்தால் உடனே பார்க்க ஆள் உண்டு, வெட்டிப் புதைத்து வீட்டைக் கழுவிப் புது எலி வாங்க உத்தரவு உண்டு. இவளுக்கு வந்தால் இவள் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அவர் கெட்ட மனிதர்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மாத்திரைக்காக ஓர் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒழிந்துபோன வியாதியை எதற்கம்மா கிளறுகிறீர்கள் என்றார். தீப்பெட்டி மருந்து பட்டுத் தோல் அலர்ஜி ஆகியிருக்கும், களிம்பு போட்டுப் பாருங்கள் என்றார். சிலைடைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டேன். அதைப் பார்க்க அங்கே மைக்ராஸ்கோப் இல்லை, இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் அன்று முழுவதும் தலைவலி.

கடைசியில் கைகொடுத்தது மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த வயதான டாக்டரம்மா. அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையை மட்டும் பார்த்தார், வேறெதுவும் கேட்கவில்லை. அட்டையைப் பிரித்து, தண்ணீர் கொடுத்து, தன் கண் முன்னால் முதல் மாத்திரையை விழுங்கவைத்தார். நரம்பு வீக்கத்துக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். தகட்டில் நிற்கும்போது கையில் தடித்த துணி சுற்ற வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். சுற்றமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வெறுங்கைக்குத்தானே கூலி.

இயக்குநருக்கு விஷயம் தெரிந்ததும் அவர் கத்தவில்லை. தொழுநோய் வேலை இனி உங்கள் கிளைக்கு வேண்டாம், சளியை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். புது எலிகள் வந்தன. எங்கிருந்தோ வேறொருவரின் தோல் துணுக்கு கிடைத்து, வேறொருவர் அந்த ஆராய்ச்சியைச் செய்தார். போகட்டும்.

அவள் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டாள். அந்த மாத்திரைகளில் ஒன்று தோலைக் கறுப்படிக்கும். முகம் செம்பு கறுத்த மாதிரி ஆகிவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அச்சாபீஸ்காரன் கை மையாக இருக்கும், பட்டாசுக்காரி கழுத்து வெள்ளியாக மின்னும், மனித நிறத்தைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. ஆபீஸ் சாயம் என்று அவளும் சொல்லிவிட்டாள். மாதம் ஒரு முறை மிஷன் டாக்டரம்மாவைப் பார்க்க விருதுநகர் வரும்போது என் மாடிக்கும் வருவாள். ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அவளைக் கண்ணை மூடச் சொல்லி விரலில் மாற்றி மாற்றி வைப்பேன். முதலில் எல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகச் சொன்னாள். ஒரு நாள் வெந்நீர்க் குழாயை வைத்ததும் கையைச் சுருக்கென்று இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு உதவியாளரை அனுப்பி அல்வா வாங்கிவரச் சொன்னேன். அந்த வருடத்தில் நான் யாரையும் திட்டாத நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை, வர வேண்டிய நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இப்போதெல்லாம் தகட்டிலிருந்து சட்டத்தை எடுத்தால் தீப்பட்ட மாதிரி இருக்கிறதாம். துணி சுற்றிப் பார்த்திருக்கிறாள், வேலை ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்கையால் எடுத்திருக்கிறாள். முந்தின நாள் சட்டம் கைதவறி அடுப்பிலேயே விழுந்து, குச்சியெல்லாம் பற்றி, ஆளோடு ஆபீஸும் போயிருக்கும், யாரோ மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை அவளை நாளையிலிருந்து வேனில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் என்னைத் திட்டுகிற குரலில்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"டாக்டரம்மா, இந்த மாத்திரைய நிறுத்திட்டா கை பழையபடி ஆயிருமா?"

அவள்மேல் நான் கத்தியது அன்று ஒரு நாள்தான். விரல் அழுகி விழும், பிறகு சோற்றைப் பிசையக்கூட ஆகாது, உனக்கு என்ன புத்தி கெட்டுவிட்டதா என்று என்னென்னமோ கத்தினேன். கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கை வந்துருச்சு, சரி. அதை வச்சு நான் என்னத்த செய்ய?"

இத்தனை வருடம் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கணக்கப்பிள்ளையை ஒரு பிடி பிடிப்பது என்றுதான் போனேன். ஆனால் வாயைத் திறந்தால் அவள் வேலை மொத்தமாகப் போகும் என்பது உறைத்ததும், அண்ணாச்சி, அண்ணாச்சி என்று குழைந்தேன். என் குரலைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. நரம்புக்கு வைத்தியம் பார்க்கிறாள், தகடு வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலை எதையாவது கொடுங்கள் என்றேன். அவர் தாராளமாக ஒத்துக்கொண்டார். பெட்டி அடைக்கிற பெண்களோடு அன்றைக்கே உட்காரவைத்தார். கூலி பாதிகூட இல்லை. அவள் போய்க் காலை மடக்கி உட்கார்ந்து பெட்டிகளை எடுத்தாள்.

காரியம் முடிந்துவிட்டதே என்று அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. தகட்டுக்கு ஆள் கிடைப்பது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா என்று ஆரம்பித்தார். வேலை கேட்டு வருகிற பெண்ணுக்கு முதலில் எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ கொடுப்பாராம். முந்தானையால் பிடித்தால் பெட்டி அடைக்க, கைமாற்றிக் கைமாற்றிக் குடித்தால் குச்சி அடுக்க. கையை மாற்றாமல் அப்படியே பிடித்துக் குடிக்கிறவள் தகட்டுக்கு.

"ரொம்ப அபூர்வம் மேடம். இப்பதான் ஒருத்தி அம்புட்டிருக்கா, அந்தா பாருங்க."

ஒரு தேசமே கணக்கெடுப்பை நிறுத்திவிட்ட பிறகு, இந்த மனிதர் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு தொழுநோய் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். கண்டுபிடித்து, அடுப்படியில் நிறுத்துகிறார். அவருக்கு அது தெரியாது. கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது எனக்கு, அதோடு அந்த அதிகாரியையும் இயக்குநரையும் கூட்டிவந்து இவர் பக்கத்தில் வரிசையாக நிறுத்த வேண்டும் போலவும் இருந்தது.

தகட்டில் நின்றவளுக்கு முப்பதுகூட இருக்காது. சட்டத்தை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் போனால் என்ன ஆகும் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாகியிருக்க வேண்டும். வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் போனேன். அவள் பின்வாங்கினாள். சும்மா பார்க்கத்தான் என்றேன். எனக்கு ஒண்ணும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே சுவரோடு ஒட்டினாள். ஊசியோ மாத்திரையோ அல்ல, என்னைப் பார்த்தே பயந்தாள். கணக்கப்பிள்ளை இருக்கிறார், பலவந்தமாக இழுத்துப் பார்க்க முடியாது, பார்த்தால் இவளுக்கும் வேன் நின்றுவிடும். நான் அப்படியே நின்றேன்.

பெட்டி அடைக்கிற இடத்தில் சலசலப்பு கேட்டது. மடியிலிருந்த பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு மூத்தவள் எழுந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போய், முந்தானைக்குள் இருந்த அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து வெளியே இழுத்து, என் முன்னால் நீட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, குரலில் அதற்கு இடமே இல்லை.

"ஏட்டி, கையக் காட்டு. எனக்குச் சுட்டுச்சுல்ல, ஒனக்கும் சுடட்டும்."